மூழ்கிய கப்பலில் கயிறு கட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஸ்கூபா (காற்றுக்கலனோடு கடலில் முங்குதல்) பழகிய எங்களுக்குப் படகிலேயே தங்கும் வழக்கம் இல்லை. விடியற்காலையில் உம்கோமாஸ் ஆற்று முகத்துவாரத்திலிருந்து ரப்பர் படகில் புறப்பட்டு, அலைகளோடு முட்டி மோதி, கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிவால் திட்டில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். ஆகவே எகிப்தின் ஹுர்காடாவில் ஏறி, ஏழு இரவுகள் செங்கடலில் ஒரே படகில் உண்டு உறங்கி, நாளுக்கு மூன்று முறை முங்கியது எனக்குப் புதிய அனுபவம். சாப்பாட்டிலும் தங்கும் அறையிலும் குறையில்லை. என் குறையெல்லாம் ஒரு கயிற்றைப் பற்றியது.

முதலில் அபு நுஹாஸ் பவளத்திட்டில் ‘கர்நாட்டிக்’ கப்பலைக் கண்டோம். சூயஸிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட அது, 1869 செப்டம்பரில் ஓர் இரவு அங்கே தட்டி நின்றது. கப்பல் தாங்கும் என்று நம்பிய தலைவர் பயணிகளை ஒரு நாளுக்கு மேல் அதிலேயே இருத்தி வைத்தார். பிறகு அது இரண்டாக முறிந்தது. மரத்தளம் உளுத்துப்போய், கூரையற்ற வீட்டின் கைமரங்கள் போல இரும்பு விலாக்கள் மட்டும் நிற்கின்றன, அவற்றில் மென்பவளங்கள் தொங்குகின்றன. அது முறிவதற்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து நம் முதல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேருடன் ‘ட்ரூரோ’ கப்பல் எங்கள் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. தென்னிந்தியாவில் நம் முன்னோர் மண்ணின் பெயர் தாங்கிய ‘கர்நாட்டிக்’கின் இரும்பைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அடுத்தது ‘திஸ்ல்கோர்ம்’. 1941 அக்டோபர் 6 அதிகாலையில் ஜெர்மானியக் குண்டுக்கு இலக்காகி மூழ்கிய பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். 9 பேர் இறந்தார்கள். சுமார் 30 மீட்டர் ஆழத்தில் லாரிகளும் அவற்றின் மேல் மோட்டார் சைக்கிள்களும் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பல பாகங்கள் மட்டும் யார் யார் வீட்டு அலமாரிக்கோ போய்விட்டன. நாங்கள் சென்றபோது ஆறு படகுகள் முன்பே நின்றன. எங்கள் வழிகாட்டி படகின் வடத்தோடு இறங்கி, அதை மூழ்கிய கப்பலின் இரும்பிலேயே கட்டினார். மேலே பெரிய படகு காற்றில் ஆட ஆட, கீழே எண்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பில் ஊறிய இரும்பு இழுபட்டது; அதில் பற்றி வளர்ந்த பவளமும் உராய்ந்து உதிர்ந்தது. நாம் விடும் மூச்சுக்குமிழிகள் தளங்களின் அடியில் தேங்கித் துருவை விரைவுபடுத்துவதை முற்றிலும் தடுக்க இயலாது, கயிற்றைத் தடுக்கலாம். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நானும் இறங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கயிறில்லாவிட்டால் புதியவர்களை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் 1974இல் கரும்பாலைப் பாகு ஏற்றிவந்து அலிவாலில் மோதி மூழ்கிய ‘புரொட்யூஸ்’ கிடக்கும் எங்கள் கடலிலும் நீரோட்டம் எளிதானதன்று. அங்கே வழக்கமாக நாங்கள் மிதவையைப் பிடித்தபடி நீரோட்டத்தோடு போவோம். படகு அதைப் பின்தொடர்ந்து வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். பெரிய படகால் அப்படிச் சுற்றிவர இயலாது என்றால், அது கப்பலை விட்டு விலகி மணலில் பதித்த மிதவையில் நிற்கட்டும். தன்னிடமுள்ள சிறு ரப்பர் படகில் ஆட்களை அனுப்பட்டும். ஒரே நேரத்தில் இத்தனை படகுகள்தான் என்ற வரம்பும் வேண்டும். அதற்காகக் கட்டணம் கூடினாலும் கொடுக்கத் தயார்.

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் பயண நிறுவனத்துக்கு விரிவாக எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: அடுத்த பயணத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி.