புற்றுநோய்ப் பொடிக்கு நோபெல் பரிசா?

"2025 வேதியியல் நோபெல், புற்றுநோயை உறிஞ்சும் நானோ பொடிக்குக் கிடைத்தது, வெந்நீரில் கலந்து குடித்தால் கீமோ வேண்டாம்." சிங்கப்பூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தக் குரல்பதிவு தவறு.

பரிசு பெற்றவர்கள் சுசுமு கிதகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்து, உள்ளே ஏராளமான வெற்றிடம் கொண்ட படிகங்களை (உலோக-கரிமக் கட்டமைப்புகள், சுருக்கமாக எம்ஓஎஃப்) உருவாக்கியதற்குத்தான் பரிசு. ராப்சன் 1989இல் செம்பு அயனிகளை வைத்துச் செய்தது எளிதில் சிதைந்துவிடும் ரகம். யாகி 1999இல் அறிவித்த எம்ஓஎஃப்-5 உறுதியானது. சில கிராமுக்குள் ஒரு கால்பந்துத் திடல் அளவு பரப்பு!

சரி, உறிஞ்சுமா? உறிஞ்சும். கரியமில வாயுவை, காற்றின் ஈரத்தை. புற்றுச்செல்லை எப்படி உறிஞ்சும்? துளையின் அகலம் ஒன்றிரண்டு நானோமீட்டர், செல்லோ 10,000 நானோமீட்டருக்கு மேல்.

மருத்துவ ஆய்வு நடப்பது வேறு வழியில். துளைகளில் மருந்தை ஏற்றி மெதுவாகக் கசியவிடுவது. 2006இலேயே ஐபுப்ரொஃபன் என்ற வலிநிவாரணியை ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். ஹாஃப்னியம் என்ற உலோகம் கலந்த ஓர் எம்ஓஎஃப் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைவரை போயிருக்கிறது. அதையும் யாரும் குடிக்கவில்லை. கட்டிக்குள் ஊசியால் செலுத்தி, கதிர்வீச்சும் கொடுத்தார்கள்.

அப்புறம், காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல்லும் "அதே பொருள்தான்" என்கிறது அந்தக் குரல். இல்லை. அதிலும் நானோ துளைகள் உண்டு, ஆனால் அது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மட்டுமே. "சாப்பிடாதீர்கள்" என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கிறார்களே!

யாராவது இப்படிப் பொடி விற்க வந்தால், சிங்கப்பூரில் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். கீமோவை நிறுத்துவது பற்றி உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள்.