லூயி லமூர் படிக்காதவரா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அமெரிக்க எழுத்தாளர் லூயி லமூரை “கௌபாய் கதை எழுதிய படிக்காத ஆள்” என்று அங்கே பேசிய ஒருவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. கதை பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் பேசாமல் வந்திருப்பேன். படிக்காத ஆள் என்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை.

அவர் படித்த விதத்தைக் கேளுங்கள். 1908இல் வடக்கு டகோட்டாவின் ஜேம்ஸ்டவுனில் கால்நடை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஊரில் பிழைப்பு நொடித்து, 15 வயதில் பள்ளி நின்றது. டெக்சாஸில் செத்த மாடுகளின் தோலை உரித்தார். சுரங்கம், மர ஆலை, காசுக்குக் குத்துச்சண்டை, அப்புறம் சரக்குக் கப்பல். அத்தனைக்கும் நடுவே சட்டைப் பையில் 5 சென்ட், 10 சென்ட் விலையில் கிடைத்த நீல அட்டைக் குட்டிப் புத்தகங்கள். அவர் இறந்த மறு வருடம், 1989இல் வந்த தன்வரலாற்றில், எந்த வருடம் எதையெல்லாம் வாசித்தார் என்ற பட்டியலே இருக்கிறது. நாடகம், வரலாறு, தத்துவம் என்று பக்கம் பக்கமாகப் போகும். இவரா படிக்காதவர்?

“எல்லாக் கதையும் ஒரே அச்சு” என்பார்கள். 89 நாவல் எழுதியவரிடம் சாயல் இருக்கத்தான் செய்யும், விடுங்கள். “பழங்குடிகளை வெள்ளையர் கண்ணால் பார்த்தார்” என்பது நியாயமான கேள்வி. அவருடைய ‘ஹோண்டோ’ நாவலின் நாயகன் அப்பாச்சிப் பழங்குடிகளோடு வாழ்ந்தவன், அவர்களை மதிப்பவன். ஆனாலும் நிலம் யாருடையது என்று வரும்போது லமூரின் மனம் பெரும்பாலும் குடியேறியவர் பக்கமே சாயும். அதைப் பேசியிருந்தால் நானும் உட்கார்ந்து பேசியிருப்பேன். அங்கே யாராவது அதைப் பேசினீர்களா? அவருடைய பள்ளிக்கூடத்தைத்தானே பேசினீர்கள்.

1983இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதை வைத்து நான் வாதாட வரவில்லை. தன் கதையில் ஓர் ஊற்று வந்தால் அது அந்த இடத்தில் இருக்கும், அதன் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும் என்று சொன்னவர் அவர். நடந்து பார்த்த மண்ணை எழுதினார். அது படிப்பு இல்லையா?

என் அப்பா லாரி டிரைவர், எட்டாவதோடு நின்றவர். லோடு இறங்கும்வரை ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருப்பார். வாடகை நூலகத்திலிருந்து அவர் கொண்டுவந்ததைத்தான் நான் முதலில் வாசித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் லாரிப் படைப்பிரிவில் லமூர் அதிகாரியாக இருந்ததைச் சொன்னபோது, “அப்போ நம்ம ஆளுடா” என்றார். அந்த அப்பாவிடம்தான், என்னைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, முகத்தைக்கூடப் பார்க்காமல் “கையெழுத்தா, கைநாட்டா?” என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் நிறுத்தி எழுதிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பாதியில் எழுந்து போனது ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.