பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை மட்டும்தானா அரசாங்கம்?

அரசு அலுவலகங்களில் வேலை நேரத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தலாம் என்று யாராவது எழுதினால் போதும், "இருக்கிற சலுகை பத்தாதா?" என்று கமெண்டில் வரிசை கட்டிவிடுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு வருமானச் சான்றுக்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, "அந்த வேலையைப் பார்க்கிற மேடம் இன்னைக்கு லீவு" என்ற பதிலோடு திரும்பிப் போனவருக்கு எங்கள் மேல் எப்படி இரக்கம் வரும்? ஆனால் அவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். எங்கள் வேலை நேரம் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை. வருகைப் பதிவேடு என் மேசைக்குத்தான் வரும். எங்கள் பிரிவில் ஓர் இளநிலை உதவியாளர் இருக்கிறார். மூன்று வயதுக் குழந்தை. ஊரிலிருந்து காலையில் ஒரு டவுன் பஸ் எட்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிடும், அடுத்தது இங்கே வந்து சேர பத்தே கால் ஆகிவிடும். அங்கன்வாடி திறப்பதற்கு முன்னால் குழந்தையை யாரிடம் விடுவது? அதனால் இரண்டாவது பஸ்தான். தாமதமாக வருவதற்கு மாதத்துக்கு இரண்டு முறை கிடைக்கிற பெர்மிஷன் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் சி.எல்.லில், அதாவது தற்செயல் விடுப்பில், கை வைக்க வேண்டியதுதான். இதே பெண் மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஏழு மணி ஆகியிருக்கும். அந்த நேரத்தை எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

மகப்பேறு விடுப்பை 2021-ல் பன்னிரண்டு மாதமாக உயர்த்தினார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் விடுப்பு முடிந்து வருகிற அம்மாவுக்கு மறுநாள் காலையிலிருந்து தேவைப்படுவது இன்னொரு விடுப்பு இல்லை. காலையில் முக்கால் மணி நேரம் தள்ளி வந்து, மாலையில் முக்கால் மணி நேரம் தள்ளிப் போக ஓர் எழுத்துபூர்வமான அனுமதி. அதிகாரியின் நல்ல மனசைப் பொறுத்து வாய்மொழியாகக் கிடைப்பது அனுமதி ஆகாது. அவர் மாறுதலாகிப் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

உண்மையில் எங்கள் வேலை நேரம் ஏற்கனவே நெகிழ்வாகத்தான் இருக்கிறது, ஒரே பக்கமாக. வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம் என்றால் சனி, ஞாயிறு போய்விடும். ஜமாபந்தி என்கிற வருடாந்திர கிராமக் கணக்குத் தணிக்கை, தேர்தல், வெள்ளம் வந்தால் கண்ட்ரோல் ரூம். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் "நாளைக் காலைக்குள் விவரம் அனுப்பவும்" என்று வரும். கிராம நிர்வாக அலுவலரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் வேலை நேரம் எது என்று கேட்டுப் பாருங்கள். அரசுக்குத் தேவைப்படும்போது கடிகாரம் வளைகிறது. ஊழியருக்கும் மக்களுக்கும் தேவைப்படும்போது மட்டும் பத்து மணி, ஐந்தே முக்கால்.

நான் கேட்பது இதுதான். பொதுமக்கள் வந்து போகும் அலுவலகங்களைக் காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஏழு மணிக்கு மூடுங்கள். ஊழியர்களை இரண்டு பிரிவாக்குங்கள். முதல் பிரிவு 8 மணிக்கு வந்து 3:45-க்குப் போகட்டும். அடுத்த பிரிவு 11:15-க்கு வந்து 7 மணிக்குப் போகட்டும். இரண்டுக்கும் இப்போதுள்ள அதே ஏழே முக்கால் மணி நேரம்தான், ஒரு நிமிடம்கூடக் குறையாது. 11:15-லிருந்து 3:45 வரை எல்லோரும் இருப்பார்கள், ஆய்வுக் கூட்டம், கோப்பு விவாதம் எல்லாம் அந்த இடைவெளியில். கூலிக்குப் போகிறவர் எட்டு மணிக்கு வந்து மனுவைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம். கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஆறு மணிக்கு மேல் வரலாம்.

இது நடக்காத கற்பனையும் இல்லை. கொரோனா காலத்தில், 2020 மே 18-லிருந்து, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் பாதிப் பாதி ஊழியர்களோடு, சனிக்கிழமையும் சேர்த்து வாரம் ஆறு நாள் ஓடின. ஒரு பிரிவு திங்கள், செவ்வாய். அடுத்த பிரிவு புதன், வியாழன் என்று சுற்று. ஒன்றிய அரசு அதே ஆண்டு மார்ச்சில் 9, 9:30, 10 என்று மூன்று வருகை நேரம் வைத்தது. 2024 நவம்பரில் காற்று மாசுக்காக டெல்லியில் மாநகராட்சிக்கு எட்டரை, ஒன்றிய அரசுக்கு ஒன்பது, டெல்லி அரசுக்குப் பத்து என்று நேரத்தைப் பிரித்தார்கள். ஓர் உத்தரவில் முடிகிற விஷயம் என்பது மூன்று முறையும் தெரிந்தது. அவசரம் முடிந்ததும் மடித்து வைத்துவிடுகிறோம், அதுதான் எனக்கு ஆற்றாமை.

நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற துபாயையும் பாருங்கள். 2025 கோடையில் அங்கே அரசு ஊழியர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு திங்களிலிருந்து வியாழன் வரை தினம் எட்டு மணி நேரம் வேலை செய்து வெள்ளி முழு விடுமுறை எடுத்தது. இன்னொரு பிரிவு தினம் ஏழு மணி நேரம் வேலை செய்து வெள்ளியன்று நாலரை மணி நேரம் வந்தது. ஊழியருக்கு மாற்று நேரம் கிடைத்தது, அலுவலகமும் மூடவில்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

இப்போது கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். நம் அலுவலகங்களில் ஒரு சீட்டுக்கு, அதாவது ஒருவர் பார்க்க வேண்டிய ஒரு மேசையின் வேலைக்கு, ஓர் ஆள்கூட இல்லை. ஓர் உதவியாளர் தன் சீட்டோடு பக்கத்துக் காலி சீட்டையும் பொறுப்பாகப் பார்க்கிறார். இந்த நிலையில் இரண்டு பிரிவாக்கினால் காலையில் வருகிறவரிடம் "அந்த சீட்டு பதினொன்றே காலுக்குத்தான் வரும்" என்று சொல்ல வேண்டியிருக்கும். கூட்டமும் கோபமும் இரட்டிப்பாகும். காலியிடங்களை நிரப்பாமல் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு சீட்டின் வேலையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் இரண்டு பிரிவிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டு மணிக்குத் திறந்த கவுண்டர் மனு வாங்கி அடுக்கி வைக்கும் இடமாகிவிடும்.

பெண் ஊழியர்களை ஏழு மணிப் பிரிவில் போடுவதாக இருந்தால் அவர்கள் கேட்டு எழுதிக் கொடுத்தால் மட்டுமே போட வேண்டும். ஏழு மணிக்கு மேல் எங்கள் ஊருக்கு எத்தனை பஸ் என்பது செகரட்டேரியட்டில் உட்கார்ந்து உத்தரவு தட்டச்சு செய்கிறவருக்குத் தெரியாது. கூட்டுகிறவர், டிரைவர், அவுட்சோர்சிங்கில் வந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இவர்களுக்கும் இதே பட்டியல் பொருந்த வேண்டும். பதினொரு மணி நேரம் திறந்திருக்கும் அலுவலகத்தில் பதினொரு மணி நேரமும் அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு நாங்கள் மட்டும் நேரம் பிரித்துக்கொள்வது அநியாயம்.

எல்லாத் துறையிலும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு மாவட்டத்தில் தாலுகா அலுவலகத்திலும் நகராட்சி வரி கவுண்டரிலும் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். மனுக்கள் முடிய எத்தனை நாள் ஆனது, எத்தனை பேர் இரண்டாவது முறை அலைந்தார்கள் என்று முன்னும் பின்னும் கணக்கெடுங்கள். எந்த சீட்டுக்காரர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இருப்பார், அவர் இல்லாவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில், அலுவலக வாசலில் ஒட்டுங்கள். அதன் கீழே என் பெயரையும் போட்டுக்கொள்ள நான் தயார்.