இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை?

சின்ன வயதிலிருந்து நண்பர்களாக இருந்து கடைசியில் காதலர்களாகும் கதைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "கடைசிப் பக்கத்துல அழுதுட்டேன்" என்பது ஒரு கட்சி. "அம்பதாவது பக்கத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம், எதுக்கு இவ்ளோ இழுவை" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு ரசனை போதாது என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. நான் அவர்கள் பக்கம்தான், ஒரு திருத்தத்தோடு. இழுவைக்கும் வருடக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. பேசாமல் இருப்பதற்கு ஆசிரியர் தரும் காரணம் பழசாகிப்போனால் இரண்டு மாதத்தில் முடியும் கதையும் இழுவைதான். வயதுக்கு வயது புதுக் காரணம் பிறந்தால் நாற்பது வருடமும் அலுக்காமல் ஓடும்.

இந்தச் சண்டைக்கு அடிக்கடி இழுக்கப்படும் புத்தகம் சிசிலியா அஹெர்னின் ‘வேர் ரெயின்போஸ் எண்ட்’, 2004-ல் வந்தது. டப்ளின் நகரத்து ரோஸி, அலெக்ஸ் இருவரின் கதை. கதைசொல்லி என்று ஒருவர் அநேகமாகக் கிடையாது. கடிதம், வாழ்த்து அட்டை, மின்னஞ்சல், சாட் இவற்றை அடுக்கியே கதை நகர்கிறது. பள்ளிக்கூடத் துண்டுச் சீட்டில் ஆரம்பித்து இருவருக்கும் ஐம்பது வயதாகும்போது முடிகிறது. 2014-ல் வந்த ‘லவ், ரோஸி’ படம் இதைப் பதினெட்டில் தொடங்கி முப்பதை ஒட்டி முடித்துவிட்டது. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள்தான் அதிகம் எரிச்சலடைகிறார்கள். நியாயம்தான், பன்னிரண்டு வருடக் கதை என்று நம்பி உட்கார்ந்தால் அது பாட்டுக்கு நாற்பதைத் தாண்டிப் போகிறது.

முன்பாதியில் காரணங்கள் கெட்டியானவை. பதினேழு வயதில் அலெக்ஸின் குடும்பம் பாஸ்டனுக்குப் பெயர்கிறது. ரோஸி அங்கே படிக்கப் போகவிருந்த நேரத்தில், வேறொருவனால் வந்த கர்ப்பம். பிறகு குழந்தை வளர்ப்பு. இவையெல்லாம் நடந்த விஷயங்கள். யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தவை இல்லை. பின்பாதியில் சரக்கு தீர்ந்துவிடுகிறது. இவள் தனியாக இருக்கும்போது அவனுக்கு மனைவி, அவன் தனியாகும்போது இவளுக்குக் கணவன். ஒரு தடவை வலிக்கும். மறுபடியும் அதே என்றால் ஆசிரியர் கயிற்றைப் பிடித்து இழுப்பது தெரிந்துவிடும்.

கடித வடிவத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: எழுதாமல் விட்டது என்ன என்று வாசகருக்குத் தெரியும். தமிழில் இணையத் தொடர் எழுதுபவர்கள் இதைப் பார்த்து வாட்ஸ்அப் உரையாடலாகவே கதை சொல்ல முயல்கிறார்கள். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் சறுக்குகிறது. இருவரும் சேர்ந்து போன கல்யாணத்தை மறுநாள் ஒருத்தி மற்றவனுக்கு விவரித்து எழுதுவாள். அவனுக்குத் தெரிந்ததை அவனுக்கே சொல்வதா? வாசகருக்குத் தெரிய வேண்டும் என்றால் அன்று வராத மூன்றாவது ஆளுக்கு எழுத வையுங்கள், இல்லையென்றால் ஒரு கிண்டலில் கசிய விடுங்கள்.

இப்போது இதே கதையை வடசென்னையில், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வைத்துப் பாருங்கள். முதல் சிக்கல், பிரிவு. டப்ளினுக்கும் பாஸ்டனுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. இங்கே அவன் வீட்டுக் குக்கர் விசில் இவள் வீட்டில் கேட்கும். தூரத்தைக் காரணமாக்க முடியாது என்றதும் நம் எழுத்தாளர்கள் கையில் எடுப்பது அரிவாளை. ஹீரோ ஜெயிலுக்குப் போய்விடுவான், கதை பத்து வருடம் தாண்டிவிடும். வடசென்னை என்றால் கத்தி என்ற சோம்பேறித்தனம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய குறை, அந்தப் பத்து வருடத்துக்கும் ஒரே காரணம்தான் இருக்கிறது என்பது.

காரணங்கள் இந்த ஊரிலேயே கொட்டிக் கிடக்கின்றன. 1984-ல் ஒரே சந்தில் பிறந்த இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996-ல் அவர்களுக்குப் பன்னிரண்டு. மெட்ராஸ் சென்னையான வருடம், பெரம்பூர் பின்னி மில் மூடிய வருடம். அப்பா மில்காரர் என்றால் வாடகை கட்ட முடியாமல் குடும்பம் வேறு பேட்டைக்குப் போகும். நாலு கிலோமீட்டர் என்றாலும் பன்னிரண்டு வயதுக்கு அது வேறு ஊர். திரும்பச் சேரும்போது பதினான்கு, பதினைந்து. இந்த வயதில்தான் அம்மாக்கள் முந்திக்கொள்கிறார்கள். "அண்ணன் மாதிரிடி அவன்" என்று ஒருமுறை வாசலில் வைத்துச் சொல்லிவிட்டால் போதும், அதை மீறி யோசிப்பதே குற்றம்போல ஆகிவிடும். முறைப்பையன் என்றால் இதே நெருக்கத்துக்கு வீடே சிரிக்கும். முறை இல்லாத பக்கத்து வீட்டுப் பையனுக்கு அண்ணன் பட்டம். பதின்வயதுக்கு இதைவிட வலுவான காரணம் எந்தப் பாஸ்டனிலும் கிடைக்காது. ஆனால் இது இருபதுக்கு மேல் தாங்காது, அப்போது வேறு வேண்டும்.

2001-ல் பிளஸ் டூ. அவனுக்கு வெளியூர் இன்ஜினியரிங் கல்லூரி, அவள் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி. இங்கே ஒரு தகவல் பிழை வரிசையாக வருகிறது: "கட் ஆஃப் 196 எடுத்தான்" என்று எழுதுவார்கள். அன்றைக்கு நுழைவுத் தேர்வும் சேர்ந்து கட் ஆஃப் 300-க்குக் கணக்கு. 196 என்றால் அழ வேண்டிய மதிப்பெண். செல்போன் விஷயமும் அப்படித்தான். 2003 வரை நமக்கு வரும் அழைப்புக்கும் நம்மிடமே காசு பிடித்தார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் கல்லூரிப் பிள்ளைகள் விடிய விடியப் போனில் பேசினார்கள் என்றால் வாசகர் சிரிப்பார். எஸ்.டி.டி. பூத், பக்கத்து வீட்டு லேண்ட்லைன், வாரத்துக்கு ஒரு முறை பிரவுசிங் சென்டர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு லேண்ட்லைனில் பேசினால் அந்த வீட்டு அத்தை காது நீட்டிக்கொண்டிருப்பார். மனதில் உள்ளதைச் சொல்ல முடியாததற்கு அந்த அத்தை ஒருவரே போதும், வில்லன் வேண்டாம்.

"கடிதம் போய்ச் சேரவில்லை" என்ற பழைய உத்திக்கும் காலாவதித் தேதி உண்டு. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் "அவ பார்க்கவே இல்ல" என்பது செல்லாது. பார்த்தாள், பதில் போடவில்லை என்பதுதான் செல்லும். சொல்லப்போனால் அதுதான் கூடுதல் வலி. 2017-க்குப் பிறகு அனுப்பியதை இருபக்கமும் அழிக்கலாம், ஆனால் அழித்த தடம் அங்கேயே நிற்கும். ஒரு அத்தியாயத்தையே அதை வைத்து எழுதலாம். யாரும் எழுதவில்லை, இன்னும் டைரியைத் தொலைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதாநாயகன் காசிமேட்டில் விசைப்படகுத் தொழில் என்றால் இன்னொரு கணக்கும் தெரிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. 2017-க்கு முன் 45 நாள்தான், மே கடைசியோடு முடிந்துவிடும். மே மாதம் அவன் விசைப்படகில் கடலுக்குப் போய் புயலில் மாட்டினான் என்று எழுதினால் ராயபுரம் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஆனால் அதே தடைக்காலம் எழுதுபவருக்குப் பெரிய வரம். வருடம் முழுக்கக் கடலுக்கும் கரைக்கும் அலைகிறவன் இரண்டு மாதம் வலை பின்னிக்கொண்டு, படகு பழுது பார்த்துக்கொண்டு, கையில் காசில்லாமல் தரையிலேயே இருக்கிறான். பேச நேரம் இருக்கும். பெண் கேட்கும் தைரியம் இருக்காது. முப்பது வயதுக்கான காரணம் இதோ.

வருடங்களைத் தாண்டுவது இந்த வகைக் கதையின் இன்னொரு தலைவலி. டேவிட் நிக்கல்ஸ் ‘ஒன் டே’ நாவலில் 1988-லிருந்து ஒவ்வொரு வருடமும் ஜூலை 15 அன்று மட்டும் இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று காட்டினார். தமிழில் இதைப் பிப்ரவரி 14 என்று மாற்றிப் போடுகிறார்கள், கஷ்டம். (வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரி 14-ல்தான். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் மன்னித்துவிடலாம்.) வடசென்னைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் திருவொற்றியூரில் இருக்கிறது. ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். அந்த மூன்று நாளில் சுற்றுவட்டாரமே கோயிலில் வரிசையில் நிற்கும், பிரிந்து போன எவரும் எவரையும் அங்கே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இது ஆங்கிலத் தேதியில் நிற்காது. நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை நகரும், வருடத்துக்கு வருடம் பஞ்சாங்கம் பார்த்துத்தான் எழுத வேண்டும். பார்த்தால் கதை தானாகக் கிடைக்கும். 2004-ல் அது நவம்பர் கடைசி வாரம். சரியாக அடுத்த பௌர்ணமியன்று, டிசம்பர் 26, சுனாமி. 2015-ல் நவம்பர் 25-ஐ ஒட்டி, ஒரு வாரத்தில் பெருவெள்ளம். 2016-ல் டிசம்பர் 12 வர்தா புயல் கரை கடந்தது, மறுநாள் பௌர்ணமி. மரம் விழுந்து, கரண்ட் இல்லாத ஊரில் யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதை எழுத ஒரு கற்பனையும் தேவையில்லை.

அதே கோயிலில்தான் சுந்தரர், சங்கிலியார் கதை. தம்பிரான் தோழர் என்றே பெயர் பெற்றவர், காதலுக்காகத் தன் தோழனான சிவனிடமே தூது கேட்கிறார். சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியமாட்டேன் என்று நான் கருவறையில் சத்தியம் செய்யும்போது நீ உள்ளே இருக்காதே, மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்கிறார். சிவன் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று போட்டுக்கொடுத்துவிடுகிறார்! சத்தியத்தை மீறித் திருவாரூருக்குக் கிளம்பியவருக்கு ஊர் எல்லையில் கண் போகிறது. நண்பன் யார் பக்கம், வாக்குக்கு என்ன விலை, இரண்டும் பெரிய புராணத்திலேயே இருக்கின்றன. நண்பர்கள் கதை எழுத ஏன் எல்லோரும் கொரியத் தொடரைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

சேர்த்துவைக்கும் இடத்தில் நடக்கும் பிழைகள் தனி ரகம். அவன் கிறிஸ்தவன், அவள் இந்து என்றால் மாலை நாலு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட முடியாது. 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள், 30 நாள் ஆட்சேபத்துக்கு விட்டுவைப்பார்கள். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியவில்லை என்றால் திரும்ப முதலிலிருந்து. மூன்று சாட்சிகள் வேண்டும். இருவரும் இந்து என்றால் இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவுப்படி சுயமரியாதைத் திருமணம் உண்டு. புரோகிதர் வேண்டாம், மாலையோ மோதிரமோ தாலியோ போதும். ராயபுரம் இராயப்பர் தேவாலயத்துப் பங்குக்காரர்கள் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் அறிவிப்பார்கள். அவனுக்கு வேறொருத்தியோடு ஓலை வாசிக்கும்போது இவள் பூசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம். ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லிச் சபையே கேட்கிறது. அதிலும் அவள் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தை எந்த வாசகரும் இழுவை என்று சொல்லமாட்டார்.

அடுத்தது, இடையில் வரும் கணவன், மனைவி. அஹெர்னின் நாவலில் ரோஸியின் கணவன் துரோகம் செய்கிறான், ஆகவே அவளை விடுவிக்க ஆசிரியருக்குச் சிரமமே இல்லை. தமிழ்த் தொடர்களில் அவன் குடிகாரன். மட்டமான குறுக்கு வழி. நல்லவனாக, வேலைக்குப் போகிறவனாக, இவர்கள் நட்பை மதிக்கிறவனாக அவனை எழுதிப் பாருங்கள், அப்போதுதான் கதைக்கு எலும்பு வரும். விவாகரத்தும் ஒரு பத்தியில் முடிவதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் என்றாலும் ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகுதான் மனு, அதன்பின் ஆறு மாதம் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2017-ல்தான். 2010-ல் நடக்கும் கதையில் மூன்றே வாரத்தில் தீர்ப்பு வாங்காதீர்கள்.

முடிவு எந்த வயதில் என்பதில் என் ஓட்டு ஐம்பதுக்கு. அதற்கு 1984 உதவாது, பத்து வருடம் முன்னால் பிறந்தவர்களாக எடுக்க வேண்டும். முப்பதில் சேர்த்தால் சம்மதம் கேட்க வேண்டியது அப்பா அம்மாவிடம், அதை ஆயிரம் கதைகளில் படித்தாயிற்று. ஐம்பதில் கேட்க வேண்டியது பிள்ளைகளிடம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அம்மாவுக்குக் கல்யாணமா என்று தெருவே பேசும், சம்பந்தி வீடு யோசிக்கும், மகளுக்கே கூச்சமாக இருக்கும். கடைசிக் காரணம் இதுதான், இதை அவசரமாகத் தாண்டக் கூடாது. குறைந்தது நாலைந்து அத்தியாயம் கொடுங்கள். மகள் உடனே கட்டிப்பிடித்து "உன் சந்தோஷம்தாம்மா முக்கியம்" என்று சொல்ல வேண்டாம். முதலில் சண்டை போடட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். அறிவிப்பு ஒட்டிய அந்த 30 நாள் எப்படியும் சும்மாதானே கிடக்கிறது. வேண்டிய மூன்று சாட்சிகளில் ஒருத்தியாக அவளை எழுதுவதா, வரவே இல்லை என்று விடுவதா என்பதை மட்டும் எழுதுபவர் முடிவு செய்துகொள்ளலாம். நான் எழுதினால் வரமாட்டாள்.