நாகையாவின் பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் வீட்டு டிவியில் 'பாவ மன்னிப்பு' வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். சிவாஜிக்காக அல்ல, சிவாஜியை எடுத்து வளர்க்கும் இஸ்மாயிலாக வரும் நாகையாவுக்காக. "இவரப் பாத்தா நம்ம தாத்தாவப் பாத்த மாதிரியே இருக்குடா" என்பார். 'தெய்வ மகன்' பாபா, 'சம்பூர்ண ராமாயணம்' தசரதன் என்று எதைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். நானும் வெகு காலம் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன். நல்ல மனசு, நடுங்கும் குரல், கலங்கிய கண். வயசான அப்பா.

'பாவ மன்னிப்பு' படத்தில் அவர் குரலில் ஒரு பாட்டுகூடக் கிடையாது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. ஏனென்றால் சித்தூர் வி. நாகையா முதலில் பாடகர். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

1904-இல் குண்டூர் ஜில்லா ரேபல்லேயில் பிறந்தவர். ஆனால் பேரோடு ஒட்டிக்கொண்டது சித்தூர். அந்த ஊர் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவோடு இருந்தது. எங்கள் பாட்டி திருத்தணிக்காரி. அதுவும் 1960 வரை சித்தூர் ஜில்லாதான். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ் என்று பேசும் பூமி அது. நாகையாவின் தமிழில் லேசாக ஒரு தெலுங்கு வாடை அடிக்கும். எனக்கு அது அந்நியமாகத் தெரிந்ததே இல்லை, பாட்டி பேசுவது போலவே இருக்கும்.

சித்தூர் ராமவிலாச சபாவில் நாடகம் போட்டார். ஆண்களே பெண் வேடம் கட்டிய காலம், இவரும் 'சாரங்கதரா'வில் சித்ராங்கியாக நடித்தார். அன்றைய தெலுங்கு மேடை என்றால் பத்திய நாடகம், அதாவது செய்யுள் நாடகம். மைக் கிடையாது. ஆர்மோனியத்தோடு போட்டி போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் எட்டும்படி செய்யுளை ராகம் இழுத்துப் பாட வேண்டும். "ஒன்ஸ் மோர்" என்று கூட்டம் கத்தினால் செத்து விழுந்த பாத்திரம்கூட எழுந்து இன்னொரு தடவை பாடிவிட்டுச் சாகும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பலர் சினிமாவுக்கு வந்த பிறகும் கடைசி வரிசைக்கே பாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் கற்ற தொழில் அது.

நாகையா மட்டும் மைக் முன்னால் குரலை இறக்கினார். அவரிடம் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். 1938-இல் எச்.எம். ரெட்டியின் 'கிருஹலட்சுமி'யில் அவர் பாடிய மதுவிலக்குப் பாட்டைத் தேடிக் கேளுங்கள். கள்ளையும் கண்ணையும் தெலுங்கில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கள்ளை விடு, கண்ணைத் திற என்று அதை வைத்தே விளையாடும் பாட்டு. தெருவில் நின்று சொல்கிற சேதிதான், ஆனால் அவர் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டுச் சொல்வது போல இருக்கும்.

அடுத்த வருஷமே பி.என். ரெட்டியின் 'வந்தே மாதரம்' படத்தில் கதாநாயகன். 1940-இல் 'சுமங்கலி'யில் வீரேசலிங்கம் பந்துலுவை நினைவூட்டும் கிழ சீர்திருத்தவாதி. அப்போது அவருக்கு வயது 36! மறு வருஷம் தமிழில் 'அசோக் குமார்'. அதில் எம்.கே. தியாகராஜ பாகவதர் குணாளன், இவர் அப்பா அசோகச் சக்கரவர்த்தி. இத்தனைக்கும் இவர் பாகவதருக்கு ஆறே வயசுதான் மூத்தவர். 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவராக ராணா. 'ஏழை படும் பாடு' (1950) பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். அதில் இவரைத் துரத்தும் போலீஸ்காரர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குத்தான் 'ஜாவர்' பட்டம் ஒட்டிக்கொண்டது. துரத்தியவர் பெயர் நமக்கு ஞாபகம் இருக்கிறது. துரத்தப்பட்டு, அந்தப் படத்தையே தோளில் சுமந்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தெலுங்கு மக்களுக்கு அவர் என்றால் போதனா, தியாகய்யா, வேமனா வேடங்கள்தான். பாகவதத்தை அரசனுக்குக் காணிக்கையாக்க மாட்டேன் என்று ஏரைப் பிடித்த கவி போதனா. 1946-இல் வந்த 'தியாகய்யா'வில் நடிப்பு, இயக்கம், இசை எல்லாம் நாகையாவே. திருவையாற்றில் காவிரிக் கரையில் உட்கார்ந்து தெலுங்கில் பாடிய தியாகராஜ சுவாமிகளின் கதையை, மெட்ராஸில் உட்கார்ந்து படமாக எடுத்த தெலுங்கர் இவர். அதில் கீர்த்தனைகளை அவர் பாடும் விதம் கச்சேரிப் பாட்டு மாதிரி இருக்காது. சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) குறைவு, வித்தை காட்டுவது அறவே இல்லை. வீட்டில் சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் பாடுவதை வெளியில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். இசை தெரிந்தவர்கள் சிலர் இதை எளிய பாட்டு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அந்த எளிமைக்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும்! தொண்டை கிழியக் கத்தக் கற்றுக்கொண்டவன் அதை மறப்பது சுலபமா?

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அவர் பெயரைச் சொன்னாலே ஒரே ஒரு கதைதான் சுற்றி வருகிறது. கொட்டிக் கொட்டிச் சம்பாதித்தார், கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார், சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார், கடைசியில் கஷ்டப்பட்டு 1973 டிசம்பர் 30 அன்று கண்ணை மூடினார். இது பொய் இல்லை. ஆனால் இணையத்தில் அந்தக் கதைக்குக் கீழே வரும் கமெண்ட் எல்லாம் "பணத்தைப் பத்திரமா வெச்சிக்கணும் சார்" என்றே இருக்கும்போது வயிறு எரிகிறது. முப்பத்தைந்து வருஷம் உழைத்த கலைஞனை சேமிப்புக்கு ஒரு பாடமாக்கி முடித்துவிடுகிறோம். 1965-இல் பத்மஸ்ரீ வாங்கியவர், மூன்று நான்கு மொழிகளில் நடித்தவர், தானே மெட்டுப் போட்டவர். அந்த வேலையைப் பற்றி நாலு வரி எழுத ஆளில்லை.

போன மாதம் அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டி 'தியாகய்யா' பாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பாடுவது யார் என்று சொல்லவில்லை. பாதியில் நிமிர்ந்து பார்த்து, "யாருடா இது, சின்ன வயசுக்காரரா?" என்றார். நாகையா என்றேன். ஹெட்போனைக் கழற்றவே இல்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.