எலுமிச்சைச் சாறு வேண்டாம்
வெயிலில் வெந்து சிவந்த தோலில் எலுமிச்சைச் சாறு தடவலாம் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க இயலவில்லை; அது எரிச்சலைக் கூட்டுவதோடு, சாறு பட்ட இடத்தில் மீண்டும் வெயில் விழுந்தால் கொப்புளமும் பல வாரங்கள் நீங்காத கருந்திட்டும் உண்டாகலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பதும் தவறே. குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியை 10 முதல் 15 நிமிடம் வரை, நாளுக்குப் பலமுறை போர்த்தி வைத்தாலே வலி ஓரளவு தணியும் (கோடையில் மாடித் தொட்டி நீர் சுடும் என்பதால் பானை நீரே மேல்). சோற்றுக்கற்றாழையை நறுக்கியதும் வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பைத் தரும். ஆகவே அதை நன்கு கழுவி நீக்கிய பிறகே உள்ளிருக்கும் சோற்றைப் பூச வேண்டும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், வாந்தி, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் வீட்டு வைத்தியத்தை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.