25 சதவீதம் என்பது சராசரிதான்

தாத்தா பாட்டி நால்வரிடமிருந்தும் நமக்குச் சரியாக 25 சதவீத மரபணு வருகிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது சராசரிக் கணக்கு மட்டுமே. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்பது சரி. ஆனால் அப்பா தரும் 23 குரோமோசோம்களில், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில், தாத்தாவின் பங்கு எவ்வளவு, பாட்டியின் பங்கு எவ்வளவு என்பது குன்றல் பகுப்பின்போதுதான், அதாவது விந்தணு உருவாகையில் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவின்போதுதான், முடிவாகிறது. அப்போது ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே ஒட்டி நின்று, அங்கங்கே அறுபட்டு, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, அதனால் உங்களுக்கு வந்த முதலாம் குரோமோசோமின் ஒரு முனை தாத்தாவுடையதாகவும் மறுமுனை பாட்டியுடையதாகவும் இருக்கலாம். இந்தக் கலப்பே இல்லாவிட்டாலும் 23 ஜோடிகள் பிரிகிற விதத்திலேயே 83 லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு! அப்புறம், ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமை மறந்துவிட்டீர்களே, முனைகளைத் தவிர அது கலப்பதில்லை, அப்பா வழித் தாத்தாவுடையது ஏறக்குறைய அப்படியே பேரனுக்கு வந்துவிடும்.